த்ரீ டேஸ் ஒன்ஸ்

கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லாவிட்டாலும், அதை எழுதியவர் வீட்டில் என்ன மொழி பேசுகிறார் என்று என்னால் சொல்லிவிட முடியும். நாளையும் வாரத்தையும் அவர் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார் என்று பார்த்தால் போதும். "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று இருந்தால் இந்தி வீடு. ஒரு வார லீவை "எய்ட் டேஸ்" என்று கேட்டிருந்தால் மராட்டி வீடு. அவர்கள் பேச்சில் ஒரு வாரம் என்றால் எட்டு நாள், இரண்டு வாரம் என்றால் பதினைந்து நாள். மீதி ஒரு நாள் எங்கே போனது என்று நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. "வீக்லி ஒன்ஸ்", "டூ டேஸ் ஒன்ஸ்" என்று இருந்தால் விசாரிக்கவே வேண்டாம், நம் பக்கத்து ஆள். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை என்று மனத்தில் ஓடுவதை வரிசைகூட மாற்றாமல் அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைத்திருப்பார்.

இந்தத் திறமையை வைத்துக்கொண்டு நான் பல வருடம் ஆட்டம் போட்டிருக்கிறேன். புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஆவணப் பிரிவில் வேலை. தொழிற்சாலையிலிருந்து வெளியே போகும் அறிக்கை, உள்ளே ஒட்டும் சுற்றறிக்கை, இயந்திரத்துக்கான செயல்முறைக் குறிப்பு எல்லாம் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்தவள், கராடியில் குடியிருப்பவள், காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் பிடித்து வாகோலி நெரிசலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து, மற்றவர்களின் ஆங்கிலத்தில் சிவப்பு மையைக் கொட்டுவேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை டைம் மேடம் என்று சொல்கிறார்கள் என்பது தெரியும். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஸ்டோர்ஸில் ஒருவர் இருந்தார். "பை ஃப்ரைடே" என்று எழுதி எதைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கொண்டுவந்து வைப்பார். அவருக்கு நான் ஒருமுறை, இன்னும் நாலு பேருக்கு நகல் போட்டு, ஒரு மெயில் எழுதினேன். பை ஃப்ரைடே என்றால் வெள்ளிக்கிழமையன்று என்று அர்த்தமில்லை, திங்களும் செவ்வாயும் அதற்குள் அடக்கம், வெள்ளி என்பது சுவர், சுவரில் முட்டிய பிறகுதான் நிற்பேன் என்று யாரும் அடம்பிடிக்கக் கூடாது என்று. அந்த மெயிலை எல்லோரும் ரசித்தார்கள். அவர் மட்டும் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை.

இப்படியிருந்தபோதுதான் மூடிகள் கோணிப்போன சம்பவம் நடந்தது.

மூடி வார்க்கிற அச்சைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாயில் அழுக்கைப் பிடிக்க ஒரு வலை உண்டு. அங்கே எல்லோரும் அதை ஜாளி என்பார்கள். அந்த மாதம் வந்த டேங்கர் தண்ணீரில் வண்டல் அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜாளி அடைத்து, அச்சு சூடாகி, ஒரு ஷிஃப்ட் முழுக்க வார்த்த மூடிகள் வாய் கோணிக் கிடந்தன. ஜாளியைக் கடைசியாகத் திங்கட்கிழமை கழுவியிருந்தார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அதை யாரும் தொடவில்லை.

ஜாளி கழுவுவது ஒரு ஃபிட்டரின் பொறுப்பு. ஷிரூர் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரைத் தாதா என்றே கூப்பிட்டோம். ஊரில் என் தம்பியிடம் எங்கள் தாதா ரொம்ப நல்லவர் என்று சொல்லி, அவன் பயந்துபோனது தனிக்கதை. தாதா ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை சிலரை நிரந்தரமாக்குவார்கள். அந்த வருடப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பட்டியல் புனே நகருக்குள் கேம்ப் என்ற பகுதியில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போகும்போது ஒருவர் மேல் விசாரணை ஏதும் முடியாமல் இருந்தால் அவர் பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது விதி. மூடி கோணியதோடு தாதா மேல் ஒரு விசாரணை திறந்தது.

விசாரித்து அறிக்கை எழுதும் வேலை என்னிடம் வந்தது. தரப் பிரிவு மேலாளர் திங்கட்கிழமை மெயில் அனுப்பினார், "வித்தின் செவன் டேஸ்" கொடுக்கும்படி. அதைப் படித்ததும், பரவாயில்லையே, இன் என்று எழுதாமல் வித்தின் என்று எழுதியிருக்கிறாரே, நம் பாடம் ஏறியிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அன்று மதியமே தாதாவைப் போய்ப் பார்த்தேன். ஏன் கழுவவில்லை என்று இந்தியில் கேட்டேன். அவர் பதற்றப்படவில்லை. சுவரில் தொங்கிய, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைக் காட்டி மராட்டியில் சொன்னார்.

"தீன் திவ்சாத் ஏக்தா லிஹிலய், மேடம். தீன் திவ்சான்னீ நாஹீ லிஹில."

மூன்று நாளுக்குள் ஒரு தடவை என்றுதான் எழுதியிருக்கிறது, மூன்று நாள் கழித்துக் கழித்து என்று எழுதவில்லை என்கிறார். மராட்டியில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு விகுதிதான் வித்தியாசம். திவ்சாத் என்றால் நாளுக்குள், திவ்சான்னீ என்றால் நாள் கழித்து. அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். திங்கள், செவ்வாய், புதன் ஒரு மூன்று நாள். அதில் திங்களன்று கழுவியாயிற்று. வியாழன், வெள்ளி, சனி இன்னொரு மூன்று நாள். அதில் சனிக்கிழமை கழுவலாம் என்றிருந்தார். சனிக்கிழமை அரை நாள் இயந்திரத்தை நிறுத்துவார்கள், கழுவுவதற்காகத் தனியாக நிறுத்த வேண்டியதில்லை. பல வருடமாக அப்படித்தான் செய்கிறாராம். தண்ணீர் சுத்தமாக இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை.

நான் தாளைப் பார்த்தேன். ஜாளி க்ளீனிங், த்ரீ டேஸ் ஒன்ஸ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் புண்ணியவான் எழுதியது இது, நம்மாள் எவனோ இங்கேயும் புகுந்து வேலையைக் காட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். தாளின் ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூக்களால் ஒரு கரை போட்டிருந்தது. நீலப் பூ, வெயில் பட்டு வெளுத்துப் பாதி வெள்ளையாகியிருந்தது. பூவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் அங்கே சேர்ந்த முதல் மாதத்தில் எதை அச்சடித்தாலும் பூக்கரை போடுவேன். அழகாக இருக்கும் என்று நினைத்தேன். பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்து சீக்கிரம் ஒரு தாள் வேண்டும் என்று கேட்டதும், நின்றுகொண்டே தட்டிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. மூணு நாளைக்கு ஒரு தடவை என்றுதான் அவரிடம் கேட்டு மனத்தில் குறித்துக்கொண்டேன். நாளைக்கு என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் "க்கு" தமிழில் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டுவிடும். ஆங்கிலத்துக்கு வரும்போது அதைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்போது அந்தத் தொழிற்சாலையில் என்னைத் தவிரத் தெற்கிலிருந்து வந்தவர்கள் யாரும் இல்லை. பின்னால் ஆயிரம் தாள்களைத் திருத்தினேன், இது மட்டும் என் மேசைக்கு வரவே இல்லை, ஏனென்றால் இது ஆவணம் இல்லை, சுவரில் தொங்கும் அட்டை.

தாளில் யார் எழுதியது என்று பெயர் கிடையாது. தேதியும் கிடையாது.

அறிக்கையில் எழுத இரண்டு வழி இருந்தது. ஊழியர் கவனக்குறைவு என்று எழுதினால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். வழக்கமாக எல்லோரும் எழுதுவதும் அதுதான். தாதாவின் பெயர் பட்டியலிலிருந்து போகும். குறிப்பில் குழப்பம், ஊழியர் மேல் தவறில்லை என்று எழுதினால் விசாரணை மூடப்படும், தாதா பிழைப்பார். ஆனால் குறிப்பு யாருடையது என்று ஒரு கேள்வி வரும். நியாயமாகத் தெரிவது இரண்டாவதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் நான் கேம்ப் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டிருந்தேன். எல்லாக் கிளைகளின் ஆங்கிலத்தையும் சரிபார்க்கும் வேலை. அதற்காகப் போகப்போகிறவள், அச்சைச் சூடாக்கிய ஆங்கிலம் என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நினைப்பே எனக்குக் கூசியது.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், எந்தப் பிரச்சினையையும் சாவகாசமாகப் பார்ப்பவர்.

"அந்தத் தாள்ல உன் பேரு எங்கியாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்ன? பழைய குறிப்பு, தெளிவா இல்லைன்னு எழுதீட்டுப் போ. யாரு எழுதுனதுன்னு தெரியலைன்னு சொல்லு."

"எனக்குத்தான் தெரியுதுங்களே."

"உனக்கு மட்டுந்தான தெரியுது," என்றார்.

அது நல்ல வழிதான். தாதாவும் தப்புவார், நானும் தப்பலாம். மறுநாளே அப்படி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் "ஆத்தர் நாட் நோன்" என்று தட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். யார் எழுதியது என்று தாளைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள் அதை எழுத முடியவில்லை. பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல, பஸ் லேட் என்று வாரத்தில் இரண்டு பொய் சொல்வேன். இந்தப் பொய் மட்டும் என் தொழில் கர்வத்தில் நேராகப் போய்க் குத்தியது. அழித்தேன், உண்மையை எழுதினேன், கேம்ப் வேலை கண்ணில் வந்து நின்றது, அதையும் அழித்தேன். செவ்வாயும் புதனும் இப்படியே போயின.

புதன்கிழமை கேன்டீனில் தாதா என் மேசைக்கு வந்து நின்றார். அறிக்கை என்னாயிற்று என்று கேட்டார். ஏழு நாளைக்குள் கொடுத்துவிடுவேன், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். பட்டியல் போவதற்கு முன்னால் வந்துவிடுமா என்றார். பட்டியல் மாதக் கடைசியில்தான் போகும், மாதக் கடைசி அடுத்த செவ்வாய், என் ஏழாவது நாள் திங்கள், ஒரு நாள் மிச்சமிருக்கிறது என்று நான் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மேடம் நாள் கணக்கில் தவறமாட்டார் என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். சனிக்கிழமை காலை என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புனேயில் பிறந்த பெண். இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் கல் என்ற ஒரே சொல் என்பதால், அவளுடைய தமிழிலும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும்.

"அம்மா, நாளைக்கு நீ ஏன் அவ்ளோ கோவமா இருந்த?"

"நேத்துன்னு சொல்லு."

"ஆங், நேத்து. ஏன்?"

அவளிடம் முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ ஸாரி சொல்லிடு, சிம்பிள்," என்றாள். பன்னிரண்டு வயதில் எல்லாமே சிம்பிள்தான். அவளை எழுந்துபோகச் சொன்னேனே தவிர, அன்று மத்தியானம் உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தேன். சுவரில் உள்ள வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு, ஊழியர் எடுத்துக்கொண்ட அர்த்தம் அதில் ஒன்று, அவர்மேல் தவறில்லை, அந்த வாக்கியத்தை எழுதியது நான். அப்போதாவது அனுப்பியிருக்கலாம். திங்கள் வரைக்கும் நேரம் இருக்கிறதே, ஒருநாள் கிடக்கட்டும், வார்த்தைகளை இன்னொருமுறை பார்க்கலாம் என்று மூடிவைத்தேன். உண்மையில் வார்த்தைகளை நான் பார்க்கவேயில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அனுப்பினேன். ஏழாவது நாள், கெடுவுக்குள். அரை மணி நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். அவர் அறிக்கையைத் திரையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பதினோரு வருஷத்துக்கு முந்தி எழுதினது. அப்போ நான் எழுதின மெயிலெல்லாம் நீங்க பார்த்ததில்லை. இதுக்கா ஏழு நாள்?" என்று இந்தியில் கேட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. ஏழு நாளாக நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அங்கேயே விசாரணையை மூடினார். தாதாவிடம் சொல்லலாம் என்று நான் கிளம்பும்போது மேலாளரே, பட்டியல் விஷயம் ஹெச்ஆரில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

ஹெச்ஆரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். பட்டியல் வெள்ளிக்கிழமையே கேம்ப்புக்குப் போய்விட்டது. அவளுடைய அதிகாரிக்கு அண்ணன் வீட்டுக் கல்யாணம், சனிக்கிழமையிலிருந்து லீவு, அதனால் முன்னதாக அனுப்பிவிட்டார். விசாரணை முடியாததால் தாதாவின் பெயர் அதில் இல்லை. இனிச் சேர்க்க முடியாதா என்றேன். கையெழுத்தாகிவிட்டது என்றாள்.

"மாதக் கடைசியிலதானே அனுப்பணும்?"

"பை மன்த் எண்ட்னுதானே மேடம் சர்க்குலர்ல இருக்கு," என்று சொல்லி அதையும் எடுத்துக் காட்டினாள்.

அந்தச் சுற்றறிக்கை எனக்குத் தெரியும். ஹெச்ஆர் எழுதிக் கொண்டுவந்தபோது "ஆன் ஆர் பிஃபோர் மன்த் எண்ட்" என்று இருந்தது. சர்க்கார் ஆபீஸ் வாசனை அடிக்கிறது என்று அதை வெட்டி "பை" என்று திருத்தியது நான். திருத்திய கையோடு அதன் அர்த்தத்தை மறந்துவிட்டு, மாதக் கடைசி என்றால் மாதக் கடைசியன்று என்று ஸ்டோர்ஸ்காரர் போலவே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து சீக்கிரம் வெளியே வந்தேன்.

கேம்ப்புக்கு போன் செய்து பார்த்தேன். மேலாளரைக் கொண்டும் ஒரு மெயில் போட வைத்தேன். இரண்டு நாள் கழித்து, அடுத்த முறை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதே வாரம் என் மாற்றல் உத்தரவும் வந்தது. ஒருவரும் என் அறிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் செய்த வேலைகளில் ஒன்று, அந்த அட்டையைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டியது. அதில் த்ரீயும் இல்லை, ஒன்ஸும் இல்லை, எவ்ரியும் இல்லை. மண்டே, வெட்னஸ்டே, ஃப்ரைடே என்று மூன்று கிழமையின் பெயர் மட்டும் ஆங்கிலத்திலும் மராட்டியிலும் இருந்தது. பூக்கரை போடவில்லை. மாட்டும்போது தாதா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

இறங்கி நின்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பெயர் போனது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஏன் போனது என்பது தெரியாது. அந்தப் பழைய தாளை எழுதியது நான்தான் என்றேன். அறிக்கை சனிக்கிழமையே தயாராக இருந்தது, பயத்தில் முதல் நாலு நாளை வீணடித்தேன், செவ்வாயோ புதனோ கொடுத்திருந்தால் உங்கள் பெயர் பட்டியலில் இருந்திருக்கும், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். இந்தியில் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சரியாக வராது. அன்றைக்கு வந்த அளவில் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "ஏழு நாளுக்குள்ளேதானே கொடுத்தீர்கள்," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தானும் மூன்று நாளுக்குள் கழுவியவர்தானே என்ற அர்த்தத்தில் சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டார். ஒரு வருஷத்தில் வரும் என்றேன்.

அவர் ஸ்டூலை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வர்ஷாத் கீ வர்ஷானீ, மேடம்?"

வருஷத்துக்குள்ளேயா, வருஷம் கழித்தா?

தெரியவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு புது அட்டையை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். அன்று புதன்கிழமை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஜாளியைக் கழற்றப் போனார்.